வண்டல் அடர்த்திச் சுட்டெண்

வண்டல் அடர்த்திச் சுட்டெண் (எஸ்.டி.ஐ.) என்பது, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரிக்கப்படவுள்ள நீர், அம்முறையில் பயன்படும் சவ்வுகளை எந்த அளவுக்கு அடைக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய உதவும் ஓர் அளவீடு ஆகும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் களிமண், இரும்புத் துரு, பாசி ஆகியவற்றின் நுண்துகள்களும் கூழ்மங்களும் மிதக்கலாம். இவை சவ்வின் மீது படிந்தால் கிடைக்கும் நன்னீரின் அளவு குறையும். அதே அளவு நீரைப் பெறக் கூடுதல் அழுத்தமும் மின்சாரமும் தேவைப்படும். சவ்வுகளை அடிக்கடி வேதிப்பொருட்களால் கழுவவும், முன்னதாகவே மாற்றவும் நேரும்.

சோதனை முறை

இச்சோதனைக்கான நடைமுறை, அமெரிக்கச் சோதனை மற்றும் பொருட்கள் கழகத்தின் டி 4189 எனும் சீர்தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. 0.45 மைக்ரோமீட்டர் துளையளவும் 47 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட வடிதாளின் ஊடாக, 207 கிலோபாசுக்கல் மாறா அழுத்தத்தில் நீர் செலுத்தப்படுகிறது. முதல் 500 மில்லிலீட்டர் நீர் வடிய ஆகும் நேரம் குறிக்கப்படும். நீரோட்டத்தை நிறுத்தாமல், 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் 500 மில்லிலீட்டர் வடிய ஆகும் நேரம் குறிக்கப்படும்.

சுட்டெண் = [1 − (முதல் நேரம் ÷ இறுதி நேரம்)] × 100 ÷ 15

எடுத்துக்காட்டாக, முதல் நேரம் 30 நொடியும் இறுதி நேரம் 40 நொடியும் எனில் சுட்டெண் 1.67 ஆகும். இறுதி நேரம் 120 நொடியானால் சுட்டெண் 5 ஆகும். தாள் முற்றிலும் அடைபட்டாலும் 15 நிமிடச் சோதனையில் மதிப்பு 6.67-ஐத் தாண்டாது. அடைப்பு 75 விழுக்காட்டை மிஞ்சினால் 10 அல்லது 5 நிமிடச் சோதனை செய்யப்படும்.

சவ்வு உற்பத்தியாளர்கள் பொதுவாக 5-க்கு மேற்பட்ட மதிப்பை ஏற்பதில்லை. 3-க்குக் குறைவான மதிப்பே விரும்பப்படுகிறது.

தமிழ்நாட்டில் தேவை

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்குகின்றன. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லீட்டர் திறன் கொண்ட நிலையங்கள் திறக்கப்பட்டன. நெம்மேலியில் 15 கோடி லீட்டர் திறன் கொண்ட மற்றொரு நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலைகளும் ஆற்று வெள்ளமும் கரையோரக் கடலைக் கலக்குவதால், சவ்வுக்கு முந்தைய வடிகட்டிகளின் சுமை கூடும். அவை சரியாக இயங்குகின்றனவா என்பதை இச்சுட்டெண் காட்டும். 2008–2009-இல் ஓமான், ஐக்கிய அரபு அமீரகக் கரைகளில் பெருகிய செம்பாசியால் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் சில மூடப்பட்டன.

செஞ்சி, மேல்மலையனூர் போன்ற பாறை நிலப்பகுதிகளில் கிடைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு நிலைமை வேறு. நிலத்தடி நீரில் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் குறைவு என்பதால் சுட்டெண் தாழ்வாகவே இருக்கலாம். ஆயினும் அந்நீரில் கரைந்த இரும்பு இருந்தால், காற்றுப் பட்டதும் அது துருவாக மாறி மதிப்பை உயர்த்தும். எனவே மாதிரியைப் புட்டியில் அடைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பாமல், குழாயிலிருந்து நேரடியாக அவ்விடத்திலேயே சோதிக்க வேண்டும்.

குறைபாடுகள்

* கரைந்துள்ள கால்சியம், சிலிக்கா ஆகியவற்றால் உண்டாகும் உப்புப் படிவை இச்சோதனை காட்டாது. அதற்கு நீரின் வேதியியல் பகுப்பாய்வு தேவை.
* சவ்வின் மீது நுண்ணுயிரிகள் பெருகுவதை இதனால் முன்னறிய இயலாது.
* 0.45 மைக்ரோமீட்டரை விடச் சிறிய கூழ்மங்களுள் பல தாளைக் கடந்துவிடும்.
* சுட்டெண், துகள்களின் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. ஆகவே 4 என்பது 2-ஐப் போல இருமடங்கு மாசு எனக் கொள்ளலாகாது.
* கலங்கல் அளவு 1 என்.டி.யூ.வுக்கு மேற்பட்ட நீருக்கு இச்சோதனை பொருந்தாது.

இக்குறைகளுள் சிலவற்றைக் களைய, நெதர்லாந்தைச் சேர்ந்த சிப்பர்சு, வெர்டூ ஆகியோர் 1980-ல் மாற்று அடைப்புச் சுட்டெண்ணை முன்வைத்தனர். இது வடிதாளின் மீது படியும் படலத்தின் தடையைக் கொண்டு கணிக்கப்படுவதால் துகள் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது, வெப்பநிலைக்கும் திருத்தப்படுகிறது. எனினும் எளிய கருவிகளும் குறைந்த செலவும் போதுமென்பதால், வண்டல் அடர்த்திச் சுட்டெண்ணே பரவலாகப் பயன்படுகிறது. உயர்ந்த மதிப்பை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தாழ்ந்த மதிப்பு மட்டும் சவ்வு பாதுகாப்பாக இருக்கும் என்பதற்கு உறுதி ஆகாது.