உதவிப்பணம் தீர்ந்த பின்பு

வட்டவளையில் மழை சற்று ஓய்ந்திருந்த மாலையில் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பேராதனையில் முதற் பட்டம் பெற்றவர். மேலே ஆராய்ச்சி செய்ய ஆவல். “வீட்டிலே இன்னும் மூன்று பேர் படிக்கிறார்களே, சேர்!” என்றார்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, தோட்டப் பாடசாலைகளை 1970களிலேதான் அரசாங்கம் ஏற்கத் தொடங்கிய நம் மலைநாட்டில், இவ்வளவு தூரம் வந்தவர் பின்வாங்குவதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. அவருக்கு அம்பேத்கரின் கதையைச் சொன்னேன்.

1913இல் பரோடா மன்னரின் உதவிப்பணத்தோடு அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், பின்னர் இலண்டனிலும் ஆராய்ச்சி தொடங்கினார். 1917இல் உதவிக்காலம் முடிந்தது, ஆராய்ச்சியோ முடியவில்லை. ஊர் திரும்பினார். வேறு கப்பலில் அனுப்பிய நூல்களும் கடலுக்கு இரையாயின. பம்பாயில் கல்லூரி ஆசிரியராகச் சேமித்த பணமும் கோலாப்பூர் மன்னர் அளித்த உதவியும் 1920இல் அவரை மீண்டும் இலண்டன் சேர்த்தன. 1923இல் ரூபாய் நாணயம் பற்றிய ஆராய்ச்சிக்கு அங்கே கலாநிதிப் பட்டம் கிட்டியது.

பட்ட பாட்டை அவர் மறந்தாரில்லை. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் இருந்தபோது, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற அரசாங்கச் செலவில் வழி செய்தார். 1946இல் பம்பாயில் அவர் நிறுவிய சித்தார்த்தர் கல்லூரியில், வேலைக்குச் செல்வோரும் படிக்கும்படி காலையிலேயே வகுப்புகள் நடந்தன. எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகின்றது.

“இடையிலே அந்த மூன்று வருஷம் அவருக்கு எப்படி இருந்திருக்கும், சேர்?” என்று கேட்டார் மாணவர். பிறகு பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து என் முன்னே வைத்தார்.