பழியைக் கடவுளிடம் ஒப்படைக்கும் விசுவாசம்

தீங்கிழைத்தவரை மன்னிப்பதை உயர்ந்த பண்பாகப் போற்றாத சமயம் இல்லை எனலாம். கிறிஸ்தவத்திலோ அது விரும்பினால் கைக்கொள்ளலாம் என்று விடப்பட்ட பண்பாக நில்லாமல், அன்றாடச் செபத்துக்குள்ளேயே கட்டளையாக இடம்பெற்றிருக்கிறது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த செபத்தில், தன் பாவங்களுக்குக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டுகிறவர், தான் பிறரை மன்னிப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் போதனைக்கு விவிலியத்தில் நீண்ட முன்வரலாறு உண்டு. தொடக்கநூலில் வரும் லாமேக்கு, தனக்காக எழுபத்தேழு மடங்கு பழிவாங்கப்படும் என்று பெருமை பேசுகிறான். பின்னர் வந்த மோசேயின் சட்டம், கண்ணுக்குக் கண் என்ற அளவை விதித்து, இழப்புக்கு மேல் ஈடு கேட்கக்கூடாது என்று பழிக்கு வரம்பு கட்டியது. இயேசுவோ, எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, கணக்கு வைக்கவே முடியாத அளவுக்கு அந்த எண்ணை உயர்த்தினார். சிலுவையில் தொங்கிய நேரத்திலும் தம்மைக் கொல்பவர்களுக்காகவே வேண்டினார். பழிவாங்கும் உரிமை கடவுளுக்கே உரியது என்று உரோமையருக்கு எழுதிய பவுல், பசித்திருக்கும் பகைவனுக்கு உணவளிக்கும்படியும் அதே இடத்தில் கூறுகிறார்.

இந்தப் போதனை எவ்வளவு கடினமானது என்பதற்கும், கடைப்பிடிக்கக்கூடியது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில் நிலமற்ற ஏழைகள் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட உழைத்தவர். அதனால் ஆத்திரமடைந்தவர்களின் ஏவலால், 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்துப் பயணத்தின்போது பயணிகளின் கண்முன்னே கத்தியால் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை குத்தப்பட்டு இறந்தார். குத்திய சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002இல், ராணி மரியாவின் தங்கையும் அதே துறவற சபையைச் சேர்ந்தவருமான செல்மி பால் சிறைக்குச் சென்று, தன் அக்காவைக் கொன்ற அந்தக் கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அவரது விடுதலைக்காகக் குடும்பத்தினரே வேண்டினர். 2006இல் வெளியே வந்த சமந்தர் சிங், புல்லுவழிக்குச் சென்று அந்தக் குடும்பத்தாரைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம், அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய படி, வழங்கப்பட்ட விழாவிலும் அவர் கலந்துகொண்டார்.

இங்கே மன்னிப்பு குற்றவாளியின் மனமாற்றத்தில் நிறைவு பெற்றது. ஆனால் மனமாற்றம் மன்னிப்புக்கு முன்நிபந்தனை அன்று என்பதை ஒடிசா நிகழ்வு தெளிவாக்குகிறது. பாரிபடாவில் தொழுநோயாளர்களுக்குத் தொண்டாற்றிவந்த ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்சும் அவருடைய சிறுவயது மகன்கள் பிலிப், திமோத்தி ஆகிய இருவரும், 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி, மனோகர்பூர் கிராமத்தில் தங்கள் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டனர். முதன்மைக் குற்றவாளி தாரா சிங் பிடிபட ஓராண்டு ஆயிற்று. கிரஹாமின் மனைவி கிளாடிஸ் அதுவரை காத்திருக்காமல், சில நாட்களிலேயே கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்தார். மகள் எஸ்தருடன் இந்தியாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார்.

அவரது மன்னிப்பு சட்டத்தின் பாதையில் குறுக்கிடவில்லை. வழக்கு நடந்தது, 2003இல் தாரா சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டவர் தன் நெஞ்சிலிருந்து பகையை விலக்குவது வேறு, குற்றத்துக்கு அரசு தண்டனை வழங்குவது வேறு என்ற இந்த வேறுபாடு முக்கியமானது. இதை உணராதவர்களே, மன்னிக்கச் சொல்வதை அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாகத் திரிக்கிறார்கள். அடிபடும் மனைவியிடமும் ஒடுக்கப்பட்ட மக்களிடமும், மன்னித்துவிட்டு வாய்மூடி இருக்குமாறு அறிவுரை கூறுகிறார்கள். நற்செய்தியின் போதனை அதுவன்று. மன்னிக்கிறவர் குற்றத்தைக் குற்றமென்றே சொல்கிறார். தன் பாதுகாப்பையும் நீதியையும் கேட்கிறார். பதிலுக்குத் தீங்கு செய்யும் உரிமையை மட்டும் கடவுளிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

அப்படி ஒப்படைப்பதற்குக் கடவுள் நீதியுள்ளவர் என்ற நம்பிக்கை வேண்டும். ஆதலால் மன்னிப்பைக் கோழையின் பின்வாங்கல் என்று எண்ணுவது தவறு. அது விசுவாசத்தின் மிகக் கடினமான செயல். மன்னிப்பு வேண்டி ஒவ்வொரு நாளும் செபிக்கும் கிறிஸ்தவர் ஒவ்வொருவரும், தம் குடும்பத்திலும் திருச்சபையிலும் ஊரிலும் ஆண்டுக்கணக்கில் வளர்த்துவரும் பகை எதுவாயினும், அதை இன்றே கைவிடத் தொடங்க வேண்டும்.