கடைவாய்ப் பற்களின் மறைந்த வேர்க்குழல்கள்

வேர்க்குழல் சிகிச்சை பெற்ற பல், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் நோவெடுக்குமாயின், அச்சிகிச்சையே வீண் என்று கருதிப் பலர் பல்லைப் பிடுங்கிவிடக் கோருகின்றனர். ஆயினும், அத்தகைய பற்களுட் பலவற்றைக் காப்பாற்ற இயலும். முதற் சிகிச்சையின்போது கண்ணுக்குப் புலப்படாது விடுபட்ட குழல் ஒன்றே பல சமயங்களில் இந்நோவுக்குக் காரணமாகும்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பற்கூழ் உள்ளது. இஃது ஒவ்வொரு வேரின் உள்ளும் மெல்லிய குழலாக இறங்கி, வேர்நுனி வரை செல்கிறது. சொத்தை ஆழமாகும்போது கிருமிகள் கூழை அடைந்து அதனை அழிக்கின்றன. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் இதனை எலிகளைக் கொண்டு ஐயமற நிறுவினர். சாதாரண எலிகளின் பற்கூழைத் திறந்து விட்டபோது அஃது அழிந்தது. கிருமியற்ற சூழலில் வளர்ந்த எலிகளிலோ கூழ் உயிருடன் இருந்ததோடு, திறந்த இடத்தைப் புதிய பற்றிசு மூடவும் செய்தது. எனவே, குழல்கள் அனைத்தையும் துப்புரவாக்கிக் கிருமி புகாவண்ணம் அடைப்பதே வேர்க்குழல் சிகிச்சையின் நோக்கமாகும்.

குழல்களின் அமைப்பு

மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள் உண்டு. ஆகையால் குழல்களும் மூன்றே என்று எண்ணத் தோன்றும். ஆனால், கன்னத்தை நோக்கிய இரு வேர்களுள் முன்புறத்து வேரில், பாதிக்கு மேற்பட்ட பற்களில், இரண்டாவது குழலும் காணப்படுகிறது. அதன் வாய் மிகக் குறுகியது. பற்றிசுவின் விளிம்பொன்றால் மூடப்பட்டும் இருக்கும். கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லில், வழக்கமான இரு வேர்களுடன், சிலருக்கு நாக்கின் பக்கமாக மூன்றாவது வேரும் உண்டு. கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் வேர்கள் ஒன்றிணைந்து, குழல் பிறை வடிவாக அமைவதும் உண்டு. 1979ஆம் ஆண்டில் குக், காக்ஸ் என்போர் விவரித்த இவ்வமைப்பு, சீனர், கொரியர் ஆகியோரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

இவை எக்ஸ்-ரே படத்தில் தெளிவாகத் தெரியாதது ஏன்? ஒருவர் பின் ஒருவராக நிற்கும் இருவரை நேர் முன்னிருந்து படம் பிடித்தால், முன்னிற்பவர் மட்டுமே தெரிவார். கன்னப் பக்கத்துக் குழலும் அதன் பின்னுள்ள குழலும் அவ்வாறே படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. சற்றே கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியக்கூடும். முப்பரிமாணப் படம் எடுக்கும் கூம்புக்கதிர்க் கருவி இன்று இதனை மேலும் எளிதாக்கியுள்ளது.

மறுசிகிச்சை

மறுசிகிச்சையில் முதலில் பல்லின் உறையும் பழைய அடைப்பும் அகற்றப்படுகின்றன. குழலுள் இருக்கும் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருள், வெப்பத்தாலோ கரைப்பான்களாலோ இளக்கப்பட்டு, நுண்ணிய அரங்களால் வெளியே எடுக்கப்படுகிறது. பின்னர், நுண்ணோக்கியின் உதவியால் விடுபட்ட குழலின் வாய் தேடப்படுகிறது. குழல்கள் யாவும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் கழுவப்பட்டு, மீண்டும் அடைக்கப்படுகின்றன. இறுதியில் பல்லுக்கு உறை இடுதல் வேண்டும். உமிழ்நீர் கசிந்து உட்புகுமாயின் முழு உழைப்பும் பாழாகும். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் மறுசிகிச்சை பயன் தராது.

நோவு நின்றதும் நோய் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. வேர்நுனியைச் சுற்றிக் கரைந்த எலும்பு மீண்டும் வளர மாதங்களும், சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். ஆகவே, ஓராண்டு கழித்து மறுபடியும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

களப்பணியாளரும் ஆசிரியரும் அறிய வேண்டுவன

சிகிச்சை பெற்ற பல் மெல்லும்போது நோவதும், அதனருகே ஈறில் சிறு கொப்புளம் தோன்றி உடைந்து மீண்டும் தோன்றுவதும் எச்சரிக்கைக் குறிகளாகும். கொப்புளம் உடைந்ததும் நோவு தணிவதால், பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. கூழ் அழிந்த குழலினுள் இரத்த ஓட்டம் இல்லை. ஆதலின், கிருமிக்கொல்லி மாத்திரைகள் அங்குள்ள கிருமிகளை எட்டுவதில்லை. மாத்திரையை மீண்டும் மீண்டும் வாங்கி உண்பவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புதலே தக்கது. பழைய எக்ஸ்-ரே படங்களையும் உடன் கொண்டுசெல்லச் சொல்லுதல் நலம். முகம் வீங்கிக் காய்ச்சல் காணினும், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பாடு தோன்றினும், நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

முதற் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஆறாம் வயதில், பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. இதுவும் விழுந்து முளைக்கும் பல்லே என்று பெற்றோர் பலர் எண்ணி, சொத்தையைக் கவனியாது விடுகின்றனர். அது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல் என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைப்பின், வேர்க்குழல் சிகிச்சைக்கே இடமில்லாமற் செய்யலாம்.