நாய் குறுக்கே வந்ததா?

பைக் இன்சூரன்ஸ் கிளைம் ஃபாரத்தில் ‘விபத்து நடந்த விதம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் அடிக்கடி ஒரு நாய் ஓடும். நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தார், வண்டி சறுக்கியது. இதை எழுதுபவர் பல நேரம் வண்டியை விட்ட சர்வீஸ் சென்டரில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் பையன். எதை எழுதினால் சிக்கல் வராது என்பது அவர் அனுபவம். விழுந்தவர் கட்டுப் போட்ட கையோடு வந்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வைத்துவிட்டு ஆட்டோ ஏறிவிடுவார்.

ஆனால், அரசு மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ‘எதிரே வந்த பைக் மோதி’ என்று இருக்கும். தூக்கிவந்து சேர்த்தவர் சொன்னது அது. ஸ்டேஷனில் மச்சான் எழுதிக் கொடுத்த புகாரில் நேரம் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும். மூன்று தாள், மூன்று விபத்து. இவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும் ஒரே ஆள், கம்பெனி அனுப்பிய இன்வெஸ்டிகேட்டர். ‘உண்மைக்குப் புறம்பான தகவல்’ என்று மறுப்புக் கடிதம் வந்த பிறகும் நம்மில் பலர் அந்த மூன்று தாளை வாங்கிப் பார்ப்பதில்லை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கத்துகிறோம்.

கத்துவதை விட்டு முதலில் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வாய்மொழியாகவோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ ‘ரிஜெக்ட்’ என்றால் போதாது. பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கைக் காட்டி மறுத்தால், அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான். போலி கிளைம்கள் ஏராளம், சந்தேகப்படாமல் எப்படிப் பணம் கொடுப்பது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால், சந்தேகம் ஆதாரம் ஆகிவிடாது.

ஏ.ஆர். காப்பியில் இன்னொரு கண்ணிவெடி, ‘மது வாடை’. ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அதனால், டெஸ்ட்டே எடுக்காதபோது கிளைமை மறுக்க முடியாது என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். வேண்டாம். டெஸ்ட் இல்லாவிட்டாலும், போதையில் ஓட்டியதை வேறு சாட்சியங்களால் கம்பெனி நிரூபிக்கலாம் என்று 2021-ல் தீர்ப்பு வந்துவிட்டது. குடிக்காதவர் பேப்பரில் அந்த வரி ஏறியிருந்தால், நாள் கடத்தாமல் மருத்துவமனைக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்கிவைக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் கதை இன்னும் மோசம். விற்றவர் வெறும் 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அது சீட்டுக்கு அடியில் கிடக்கும். பெயர் மாற்றம் ‘அப்புறம் பாத்துக்கலாம்’. தேர்டு பார்ட்டி காப்பீடு வாங்கியவருக்குத் தானாக வந்துவிடும், சரி. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு. மாற்றாமல் விழுந்தால் தன் வண்டிச் சேதத்துக்குக் காசு கேட்க முடியாது. விற்றவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்பது 2018 தீர்ப்பு. இரண்டு பேரையும் சிக்கவைப்பது நிரப்பாத தாளில் போட்ட ஒரு கையெழுத்து.

மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் ஒம்பட்ஸ்மேன் கதவு மூடிவிடும் என்பதால் வரிசை முக்கியம். எங்கே போனாலும் மேஜையில் விரிக்கப்படுவது அந்த மூன்று தாள்தான். நாயை எழுதியது நான் இல்லை என்று அங்கே சொன்னால், கீழே உள்ள கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள்.

அந்த மூன்று தாளோடு நான்காவதாக ஒரு தாளும் வரும். இன்வெஸ்டிகேட்டர் வீட்டுக்கே வருவார், இனிமையாகப் பேசுவார், காபி குடிப்பார். ‘சும்மா ஃபார்மாலிட்டி சார்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்க வாக்குமூலத்தை நீட்டுவார். தமிழில், என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். தெரியாத நேரத்தைத் தெரியாது என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட பக்கத்தை போனில் படம் பிடியுங்கள். படம் எடுக்க விடமாட்டேன் என்றால் கையெழுத்தும் கிடையாது. அன்று மாலையே நடந்ததை நீங்களே கம்பெனிக்கு இமெயிலில் எழுதிவிட்டால், பாலிசிதாரர் ஒத்துழைக்கவில்லை என்று அவர் ரிப்போர்ட் போடுவதும் சிரமம்.