காற்றுக்கு அணையாத கார்த்திகை விளக்கு

மும்பை மாநகரின் வடகிழக்கே, பாண்டுப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார்த்திகைத் திருநாள் வந்தால் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஊரிலே திண்ணையும் மாடக்குழியும் இருந்தன. அகல் வரிசையை அங்கே அஞ்சாது வைக்கலாம். சால் குடியிருப்பின் பொதுத் தாழ்வாரத்திலோ துணிகள் காய்கின்றன, குழந்தைகள் ஓடியாடுகின்றனர், வாயிற்படிக்கு இரண்டடி உள்ளே சமையல் வாயு உருளை நிற்கிறது. அவ்விடத்தில் வரிசையாக அகல்கள் எரிவது அழகுதான், அச்சமுந்தான்.

பூசை மாடத்தில் எண்ணெயிட்ட அகல் ஒன்றை முறைப்படி ஏற்றிவிட்டு, தாழ்வாரத்திற்கு மட்டும் மின்சுடர் வரிசையொன்றை நம் கையாலேயே அமைத்துக்கொள்ளலாகாதா? கடையில் ஆயத்தமாகவே கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆயினும் அவற்றுட் பல, வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட்டில் நேரே இயங்குபவை. இரும்புக் கைப்பிடியில் சுற்றிய கம்பியின் மேலுறை உரிந்துவிட்டால் உயிருக்கே ஊறு நேரும். நாம் இங்கே காணப்போவது 5 வோல்ட்டில் எரியும் விளக்கு. கைபேசிக்கு மின்னேற்றும் நல்ல சார்ஜரே இதற்குப் போதும்.

உறுப்புகளை வாங்க லாமிங்டன் சாலைக்குச் செல்லவேண்டும். பாண்டுப்பிலிருந்து மெதுவண்டியில் தாதர் சென்று, மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் அது அண்மையில் உள்ளது. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிய பின்னரும் பழம்பெயர் மறையவில்லை. சென்னை ரிச்சித் தெருவை அறிந்தவர்க்கு இக்கடைத்தெரு அந்நியமாகத் தோன்றாது. மஞ்சள் எல்.இ.டி. ஆறு, 220 ஓம் ரெசிஸ்டர் ஆறு, பிரெட்போர்டு ஒன்று, சிறிது கம்பி, ஆர்டுயீனோ ஊனோ பலகை ஒன்று: இவ்வளவே தேவை.

ரெசிஸ்டர் எதற்கு? புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் பிழைசெய்யும் இடம் இதுவே. மஞ்சள் எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டில் ஒளிரும். அதற்குமேல் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தினும், அதனூடே பாயும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகிவிடும். பழைய இழை பல்பைப்போல் அது தன்னைத் தானே அடக்கிக்கொள்வதில்லை; கருகிப்போகும். ஆகவே எஞ்சிய 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கவேண்டும். 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். பலகையின் ஒரு காலுக்கு உகந்த அளவாகிய 20 மில்லி ஆம்பியருக்கு அது உட்பட்டதே. சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்னும் வளையங்கள் 220 ஓமைக் குறிக்கும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆர்டுயீனோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்க்கென உருவானது. அப்பலகையிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர், விரல்நக அகலமேயுள்ள ஒரு சில்லினுள் அடங்கிய முழுக் கணிப்பொறி எனலாம். கணிப்பொறியில் நாம் எழுதும் கட்டளைகளை அதன் 32 கிலோபைட் நினைவகத்தில் பதித்துவிட்டால், மின்சாரம் வரும்போதெல்லாம் அவற்றை அது தவறாமல் நிறைவேற்றும்.

சுடரை மங்கச் செய்வது எங்ஙனம்? சில்லு மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. விளக்கை நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைக்கிறது. அந்த வேகத்தைக் கண் பின்தொடர இயலாமையால், எரிந்த நேரத்தின் பங்கே ஒளியின் அளவாகத் தோன்றுகிறது. 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுத்து அப்பங்கை நாம் வகுக்கலாம். ஊனோவில் இத்தகைய கால்கள் ஆறு உள்ளன. விளக்குகளும் ஆறு என்றது அதனால்தான்.

நொடிக்குப் பத்து முறை மனம்போன எண்ணொன்றைக் கொடுத்தால் சுடர் அசையும் என்று முதலில் தோன்றும். செய்து பார்த்தால் பழுதுற்ற குழல்விளக்குப்போல் துடிக்கும்; அகலின் சாயலே இராது. உண்மைச் சுடரைச் சற்றுநேரம் உற்று நோக்குங்கள். பெரும்பொழுதும் அது ஒரே அளவில் நின்று மெல்ல நெளிகிறது; காற்று வீசும்போது மட்டும் தாழ்ந்து, பின் நிதானமாக நிமிர்கிறது. ஆகவே புதிய எண்ணுக்கு ஒரே தாவலாகத் தாவாமல், இடைவெளியில் மூன்றிலொரு பங்கே நகருமாறு கட்டளையிடவேண்டும். சுடரை நோக்கி எண்ணை மாற்றி, மீண்டும் நோக்கி மாற்றும் இவ்வேலையில்தான் மாலைப்பொழுதுகள் கழியும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கடையில் விலைக்கு வராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில்லு தரும் 'மனம்போன எண்கள்' உண்மையில் கணக்குப் போட்டு வருபவை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அதே வரிசை திரும்பி வரும். இதைத் தவிர்க்க, எதனோடும் இணைக்காத கால் ஒன்றை அளந்து, அவ்வளவிலிருந்து கணக்கைத் தொடங்கச் செய்வர். வெறுமனே நிற்கும் அக்கால், வீட்டுக் கம்பிகளிலிருந்தும் வானிலிருந்தும் வரும் மின் இரைச்சலை ஒரு சிறு ஏரியல்போல் ஏற்கிறது. வானொலிப் பெட்டியில் நாம் வெறுக்கும் அவ்விரைச்சல் இங்கே சுடருக்கு உயிரூட்டப் பயன்படுகிறது.

சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்க் வைப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆறு விளக்குகளும் பலகையும் கொள்ளும் மின்னோட்டம் மிகக் குறைவாதலால், எதுவும் இணைக்கப்படவில்லை என்றெண்ணிச் சில பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும். திருநாளுக்கு முதல்நாள் இரவே இரண்டு மணிநேரம் எரியவிட்டுப் பார்த்துவிடுவது நலம்.