கறக்காத பாலில் ஒரு பால்கட்டி

வைகாசி வெயிலில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் திருத்தேர் வீதிவலம் வரும்போது, புதுவை நகரத்து மூத்த குடும்பங்கள் பலவும் அங்கே திரள்வது வழக்கம். பானகமும் நீர்மோரும் தாகத்தைத் தணித்துவிடுகின்றன. ஆயினும் வீடு திரும்பும் முதியவர்களுக்குச் சூடான உணவில் மனம் செல்வதில்லை. பகலில் இரண்டு கவளம் மோர்ச்சோறு, இரவில் ஓர் இட்லி என்று நாள் முடிந்துவிடுகிறது. கோடை முழுவதும் இவ்வாறே கழிந்தால், ஆடி பிறக்கும்போது கால்கள் தளர்ந்துவிடுகின்றன. பிராகாரத்தை மூன்று முறை வலம் வந்தவர் ஒரு சுற்றோடு தூணருகே அமர்ந்துவிடுகிறார்.

முதுமையில் தசை மெலிவது இயற்கை. புரதம் குறைந்த உணவு அம்மெலிவை விரைவுபடுத்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 46 கிராம். 100 கிராம் தயிரில் இருப்பதோ சுமார் 3 கிராம்தான். பருப்பும் சுண்டலும் புரதம் மிகுந்தவையே. ஆனால் பல் தளர்ந்தவருக்குச் சுண்டல் எங்ஙனம் ஒத்துவரும்? மென்மையானதாகவும், குளிர்ச்சியானதாகவும், வலிமை தருவதாகவும் ஓர் உணவு வேண்டுமெனில், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி அதற்குப் பொருந்துகிறது. கடைகளில் இதனை டோஃபு என்றும் சோயா பனீர் என்றும் அழைக்கின்றனர். கெட்டியான டோஃபு 100 கிராமில் 10 கிராம் அளவிலோ அதற்கு மேலோ புரதம் உண்டு.

இது அந்நியப் பண்டமாயிற்றே என்று தயங்கும் பெரியோர் இதன் வரலாற்றைச் சற்று அறிதல் நலம். இதனை முதன்முதலில் செய்தவர் கிறித்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லியூ ஆன் என்னும் சீன இளவரசர் என்று சீனர்களின் செவிவழிக் கதை கூறுகிறது. இதனைப் போற்றி வளர்த்த இடங்களுள் முதன்மையானவை புலால் விலக்கிய துறவியரின் மடங்கள். ஜப்பானில் ஜென் மடங்களின் மரக்கறி உணவுக்கு 'ஷோஜின் ரியோரி' என்று பெயர். அவ்வுணவில் ஊனுக்கு இடமில்லை. பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் இடமில்லை. நம் விரதச் சமையலின் விதியை அங்கேயும் காண்பது வியப்பாகவே இருக்கிறது. காஞ்சியிலிருந்து சென்றவர் என்று ஒரு மரபு கூறும் போதிதருமரையே ஜென் நெறியினர் தம் முதற்குருவாகச் சீனத்தில் போற்றுகின்றனர். ஜப்பானிய ஜென் ஆசான் தோகென் 1237ஆம் ஆண்டில் மடைப்பள்ளித் துறவிக்கென்றே ஒரு நூல் இயற்றினார் என்றால், சமையலை அவர்கள் எத்துணைப் பெரிய தொண்டாகக் கருதினர் என்பது விளங்கும். கோடையில் டோஃபுவைக் குளிரவைத்து, இஞ்சித் துருவல் இட்டு உண்பது ஜப்பானியர் வழக்கம். அதனை 'ஹியயாக்கோ' என்பர்.

புதுவைக்கும் டோஃபு வழங்கும் நாடுகளுக்கும் உறவு புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுவை, காரைக்கால் தமிழர் பலர் இந்தோசீனத்தில் காவல், சுங்கம், படை ஆகிய பணிகளில் அமர்ந்தனர். சைகோன் நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியர் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். அந்நாட்டுப் பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில், புலால் விலக்குவர். அந்நாள்களில் டோஃபு அவர்கள் இலைக்கு முதன்மையான உணவு. சைகோனில் வாழ்ந்து திரும்பிய புதுவைக் குடும்பங்கள் வியட்நாமியச் சமையலையும் கொண்டுவந்தன. இந்நாளில் நகரை அடுத்த ஆரோவில்லிலும் டோஃபு தயாராகிறது. எனினும் வீட்டில் செய்வதே மேல். என்ன சேர்ந்தது, யார் கை பட்டது என்ற ஐயம் ஆசாரமுள்ளோர்க்கு அப்போது எழாது.

எந்நாளில் உண்ணலாம் என்பதே அடுத்த வினா. சோயா, மொச்சை இனத்தைச் சேர்ந்த பயறு. ஆகவே தானியமும் பயறும் விலக்கும் ஏகாதசியில் டோஃபுவும் விலக்கே. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. சிராத்த நாளில் நாட்டுக் காய்கறிகளைத் தவிரப் பிறவற்றைச் சேர்க்காத இல்லங்களில் இதற்கும் இடமில்லை. சாதுர்மாஸ்யம் அனுசரிப்போர் முதல் மாதம் காய்கீரையையும், இரண்டாம் மாதம் தயிரையும், மூன்றாம் மாதம் பாலையும், நான்காம் மாதம் இரு பருப்பாய்ப் பிளவுபடும் பயறு வகைகளையும் விலக்குவர். நான்காம் மாதத்தில் டோஃபு கூடாது. இரண்டாம், மூன்றாம் மாதங்களிலோ, பசுவின் பாலோடு தொடர்பில்லாத இது பெரிதும் உதவக்கூடும். குடும்ப வழக்கம் அறிந்த மூத்தோரைக் கேட்டுக்கொள்ளுதல் முறை. நிவேதனத்தைப் பொறுத்தவரை, ஆறி ஊறிய பண்டத்தைப் படைப்பது வழக்கமன்று. சுவாமிக்கு அன்று வடித்த சாதத்தை நிவேதித்துவிட்டு, இதனை இலையில் தனியே பரிமாறிக்கொள்ளலாம்.

இனிச் செய்முறை. கால் கிலோ சோயாவைக் கழுவி இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். கோடையில் வெளியே வைத்தால் புளித்துவிடும். குளிர்பெட்டியில் ஊறுவது நல்லது. காலையில் கையால் பிசைந்து தோலை நீக்கி, மொத்தம் 2 லிட்டர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நைய அரைத்து, பழைய மெல்லிய வேட்டித் துணியில் பிழிய வேண்டும். கிடைத்த பாலைப் பெரிய பாத்திரத்தில் அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சுக. பசும்பாலைவிட வேகமாக நுரைத்துப் பொங்கும். ஆதலால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றலாகாது. பொங்கிய பின்னும் சிறுதீயில் 10 நிமிடம் கொதிப்பது இன்றியமையாதது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்கு கொதித்தால்தான் அது அடங்கும். அவசரப்படுவோர் பிறகு வயிற்றைக் குறை கூறுவது நியாயமன்று.

இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டு, 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் நீரில் கலந்து, மெல்ல ஊற்றி, ஒரே முறை கிளறி மூடிவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பால் திரிந்து, இளமஞ்சள் நிறத் தெளிநீர் பிரியும். பிரியாமல் வெண்மையாகவே இருந்தால் இன்னும் சிறிது சாறு தேவை என்று பொருள். துளைத்தட்டில் ஈரத்துணி விரித்து வடித்து, துணியை மடித்து மூடி, மேலே ஒரு கிலோ கனம் அரை மணி நேரம் இருக்கட்டும். ஏறத்தாழ 350 கிராம் கட்டி கிடைக்கும். அரைத்த பதத்துக்கும் அழுத்திய நேரத்துக்கும் ஏற்ப இது சற்றுக் கூடலாம், குறையலாம்.

கட்டியை விரல் கனத்தில் துண்டுகளாக்கி, உப்பிட்ட கொதிநீரில் 5 நிமிடம் வேகவிட்டு வடித்தால் உள்ளிருக்கும் நீர் சற்று இறங்கி, ஊறல் நன்கு பற்றும். ஜப்பானியர் சேர்க்கும் சோயா சாறு நம் இல்லங்களுக்குத் தேவையில்லை. ஓர் எலுமிச்சையின் சாறு, 2 தேக்கரண்டி இஞ்சிச் சாறு, பொடித்த மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், சிறிது இந்துப்பு, கிள்ளிய கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றைக் கால் டம்ளர் நீரில் கலந்து, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துச் சேர்த்து, ஆறிய துண்டுகளின் மேல் ஊற்றுக. மூடிக் குளிர்பெட்டியில் 3 மணி நேரம் வைத்தால் போதும். உண்பதற்குப் பத்து நிமிடம் முன் வெளியே எடுத்தால் பல் கூசாது. வெள்ளரித் துருவலோ மாங்காய்க் கீற்றோ உடன் சேரலாம். மறுநாளுக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். கோடையில் வெளியே வைத்த டோஃபு எளிதில் கெடும்.

தைராய்டு மாத்திரை உண்போர், மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேரம் இடைவெளி விடுவது அவசியம். மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா குறைக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறுடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. இரத்த அழுத்தமுள்ளோர் உப்பைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளலாம். தயிரை அடியோடு விடவும் வேண்டியதில்லை. தயிரில் உள்ள பி-12 உயிர்ச்சத்து டோஃபுவில் இயல்பாக இல்லை.

பிழிந்தபின் துணியில் எஞ்சும் சக்கையை எறிந்துவிட வேண்டாம். அடை மாவில் கலந்து, கல்லில் மெல்லியதாகத் தட்டி நன்கு வேகவிட்டால், வீட்டுச் சிறுவர்களுக்கு அன்றைய மாலைச் சிற்றுண்டியாகிவிடும்.