மின்னாவணப் பட்டியல்களில் இணைப்புப் பெயரீடு: சேலம், நாமக்கல் ஆவணங்களை முன்வைத்து

ஆவணக் காப்பகங்களின் வழிகாட்டிப் பட்டியல்கள் பல இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பதிவின் அருகே மின்படிமத்துக்குச் செல்லும் இணைப்பும் சிலவற்றில் உண்டு. அவ்விணைப்புக்கு எச்சொல்லைப் பெயராக இடுவது என்பது பட்டியலாளரின் சிறுசிக்கலாகத் தோன்றலாம். ஆய்வாளருக்கு அது சான்றின் தகுதி பற்றிய சிக்கலாகும்.

பாரமகால் ஆவணங்களை எடுத்துக்கொள்ளலாம். 1792இல் திப்புவிடமிருந்து கும்பினியார் வசமான பாரமகால், சேலம் பகுதிகளில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைநின்ற தாமஸ் மன்றோ முதலியோரும் 1799 வரை மேற்கொண்ட நிலவரித் திட்டம் பற்றிய கடிதங்களும் அறிக்கைகளும் அவற்றில் அடங்கும். 1907 முதல் அவை சென்னையில் பகுதி பகுதியாக அச்சேறின. ஒரு பட்டியலில் இப்பெயரின்கீழ் ‘காண்க’ என்று மட்டும் இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். அது காட்டுவது கையெழுத்து மூலத்தையா, அச்சுப்பதிப்பையா? அச்செனின் எப்பகுதி? இரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு உள்ளது. ஊர்ப்பெயர்களின் எழுத்துவடிவை ஆராய்பவர் அச்சைக் கண்டு மூலத்தைக் கண்டதாக அடிக்குறிப்பு எழுதின், அப்பிழை அடுத்தடுத்த ஆய்வேடுகளுக்கும் பரவும். ‘அச்சுப்பதிப்பு, 1907, ஒரு பகுதி மட்டும்’ என்னும் பெயரே இதனைத் தடுக்கப் போதுமானது. ‘இங்கே சொடுக்கவும்’ என்பதோ பெயரே அன்று, வெறும் ஏவல். இணைப்புகளை மட்டும் தனியே படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற ஆய்வாளருக்கு அது எதனையும் உணர்த்தாது.

ஈ.ஏ.டி. என்னும் பன்னாட்டு ஆவண விவரிப்பு நெறியில் மின்பொருளுக்கெனத் தனிக்கூறும், அதனை விவரிக்க இடமும் உண்டு. ஆயினும் அவ்விடத்தில் எழுதவேண்டிய சொற்களை அந்நெறி வகுத்துத் தரவில்லை. அது பட்டியலாளரின் பொறுப்பு.

நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1929இல் சேலத்துக்குத் திரும்பியது. 1997இல் தனி மாவட்டமாயிற்று. எனவே ‘நாமக்கல் மாவட்ட ஆவணம்’ என்னும் இணைப்புப் பெயர் 1920ஆம் ஆண்டின் கோப்புக்குப் பொருந்தாது. கோப்பின்மேல் உள்ள மாவட்டப் பெயரை முதலிலும் இன்றைய பெயரை அடுத்தும் தருதல் நன்று. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் கையாளும் எண்முறையும் இங்குக் கருதத்தக்கது. திட்டம், தொகுப்பு, அதன் உட்பிரிவு என எண் படிப்படியாக இறங்குவதால், படிமம் எதன் உறுப்பு என்பது எண்ணிலேயே விளங்கும். தமிழக ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பாவணங்களைப் படியெடுத்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பணி அங்கு 314ஆம் எண் திட்டமாகும்.

இணைப்பு இல்லாத பதிவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘மின்படிமம் இல்லை, மூலம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்’ என்றிருப்பின், நாமக்கல்லிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்யவேண்டுமா என்பதை ஆய்வாளர் தம் ஊரிலிருந்தே முடிவுசெய்வார்.